பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு

கல்லூரி வாசலில் நிற்கிற ஏர்க்காரனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு யாரோ தலைவர் என்று நினைத்துப் போயிருந்தாலும் குற்றமில்லை. தோளில் கலப்பை, நெற்றியில் வைத்த கை, முறுக்கிய மீசை. மழை வருமா என்று மலையைப் பார்த்தபடி நிற்கிறான். அவன் செய்யப்பட்டபோது அந்த மீசை கிடையாது. உடம்பில் பெயிண்டும் கிடையாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபத்து நான்கில் அந்த இடம் ஆடு மேய்கிற கரம்பு. கல்லூரிக்குக் கட்டடம் எழும்பத் தொடங்கியதும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வேலைக்குப் போனார்கள். அடி அண்ணாமலையிலிருந்து தசரதனும் அவன் மனைவி சந்திரம்மாளும் போனார்கள். மழை பொய்த்த வருஷம். போட்ட மல்லாட்டை, வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கொடியோடு கருகிப்போயிருந்தது. கைக்குழந்தை வள்ளியை மாமியார் ஜோதியம்மாளிடம் விட்டுவிட்டு, தூக்குச்சட்டியில் கூழை ஊற்றிக்கொண்டு, மலையை வலக்கைப் பக்கம் விட்டுக் கிழக்கே நடப்பார்கள். அவன் கல் தூக்கினான். அவள் ஜல்லி சுமந்தாள்.

வாசலில் ஓர் உழவன் சிலை வேண்டும் என்று நிர்வாகத்தில் முடிவு செய்து, மெட்ராஸிலிருந்து ராமகிருஷ்ணன் என்று ஒரு சிற்பி மாஸ்டரை வரவழைத்தார்கள். ஒல்லியான மனிதர். பீடி பிடிப்பார். மத்தியானம் கூழ் குடிக்க உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து தசரதனிடம் நின்றார்.

"உன் பேர் என்னப்பா?"

"தசரதனுங்க."

"ஏர் ஓட்டுவியா?"

"மழ பேஞ்சா ஓட்டுவேங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. மறுநாள் கலப்பையோடு வரச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தசரதனுக்கு நிற்பதுதான் வேலை. தோளில் கலப்பை, நெற்றியில் கை, உச்சி வெயில். அவனைப் பார்த்துப் பார்த்து மாஸ்டர் கம்பியை வளைத்தார், வலையைச் சுற்றினார், சிமெண்டை அப்பினார். ஜல்லி சுமக்கிற பெண்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டி சந்திரா, உன் வூட்டுக்காரரு இன்னாடி ராஜாவாட்டம் நிக்கறாரு? நாங்கதான் இங்க தல தேய சொமக்கணுமா?"

"நிக்கறது லேசுனு நெனச்சிக்கினியா? படுத்தா தோளு தோளுனு மொனவறாரு. வெளக்கெண்ண தேச்சி தேச்சி என் கைதான் போச்சு."

"அந்தத் தூங்கற கண்ண மட்டும் முழிச்சிக்கச் சொல்லுடி. செலயும் தூங்கப் போவுது!"

தசரதனுக்கு இடது கண் கொஞ்சம் சிறியது. குறை என்று சொல்ல முடியாது. பேசுகிறவரை முழுசாக நம்பாமல் கேட்கிற மாதிரி ஒரு சுருக்கம். மாஸ்டர் அதை அப்படியே சிமெண்டில் வைத்துவிட்டார். தசரதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சார், அந்தக் கண்ண கொஞ்சம் பெருசா வச்சிடுங்களேன். பத்துப் பேரு பாக்கற எடம்."

"அதைப் பெரிசு பண்ணினா அவன் வேற எவனோ ஆயிடுவான்பா" என்றார் மாஸ்டர்.

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று, சிமெண்ட் நிறத்திலேயே இருக்கட்டும், பெயிண்ட் பூச வேண்டாம் என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் திரும்பி வரவே இல்லை.

கட்டடம் முடிந்தது. மழைதான் வரவில்லை. மைசூர்ப் பக்கம் கால்வாய் வெட்ட ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு தசரதனும் கிளம்பினான். கல்லூரி வாசலில்தான் பஸ் ஏறினான். சந்திரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாத்துக்கு அழுவற? கார்த்திகைக்கு வந்துடுவேன்."

"எந்தக் கார்த்திகைக்கு?"

"வர்ற கார்த்திகைக்குத்தான்டி. அதுவரைக்கும் இதோ நிக்கறானே, இவனப் பாத்துக்கினு இரு. சோறு கேக்க மாட்டான், சண்ட போட மாட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாள்.

அந்தக் கார்த்திகைக்கு அவன் வரவில்லை. அடுத்த கார்த்திகைக்கும் வரவில்லை. கூடப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவன், கால்வாயில் மண் சரிந்ததாகவும், அடிபட்டவர்களை லாரியில் ஏற்றிப் போனதாகவும், யார் எவர் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னான். சந்திரம்மாளின் கொழுந்தன் காசி இரண்டு தடவை போய்த் தேடிவிட்டு, இரண்டு தடவையும் குடித்துவிட்டு வந்து அழுதான். வீட்டில் தசரதனின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்கே போட்டோ பிடிக்கவில்லை.

கல்லூரியில் பெருக்குகிற வேலை கிடைத்ததும் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். காலையில் போனதும் முதலில் ஏர்க்காரன் மேடையைத்தான் பெருக்குவாள். சருகை எடுப்பாள். காக்கை எச்சத்தை ஈரத்துணியால் துடைப்பாள். "இன்னா, மழ வருமா?" என்று கேட்பாள். பிறகு மற்ற இடம்.

சிலை நின்ற பிறகு வந்த முதல் பொங்கலிலேயே, சிமெண்ட் சிலை பார்க்க தரித்திரமாக இருக்கிறது என்று நிர்வாகத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. டவுனில் கடைப் போர்டு எழுதுகிற ஆதிமூலத்தைக் கூப்பிட்டார்கள். அவன் உடம்புக்குச் செம்மண் நிறமும் வேட்டிக்கு வெள்ளையும் முண்டாசுக்குச் சிவப்பும் அடித்தான். அதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு என்பது வழக்கமாகிவிட்டது. மாட்டுக் கொம்புக்குப் பூசுகிற மாதிரிதான். பழைய பூச்சைச் சுரண்டுவது கிடையாது. அதன் மேலேயே அடிப்பார்கள். பிரின்சிபால் மாற மாற ஏர்க்காரனும் மாறினான். ஒருவர், இவ்வளவு கறுப்பாக வேண்டாம், நம் ஜனங்கள் கறுப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள் என்றார். கோதுமை நிறம் ஆனான். இன்னொருவர் மீசையில்லாமல் என்ன உழவன் என்றார். ஆதிமூலம், பெயிண்டுக்கு முன் பள்ளம் அடைக்கிற மக்குப் பசையை வைத்து மீசையை முறுக்கிவிட்டான். அதற்கடுத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்து, "ஏம்பா, ஒரு கண்ணு சின்னதா இருக்கே, அளவு தப்பா?" என்றார். ஆதிமூலம் அதையும் மக்கு போட்டு நிரவி, மேலே பெரிதாக ஒரு கண்ணை எழுதிவிட்டான். கன்னத்துக் குழியெல்லாம் பூச்சிலேயே தூர்ந்துபோயிற்று. பார்க்க நல்ல சாப்பாட்டுக்காரன்போல ஆகிவிட்டான்.

இதெல்லாம் ஒரே நாளில் நடந்திருந்தால் சந்திரம்மாள் சண்டைக்குப் போயிருப்பாள். வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததில் அவளுக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது தாய்க்குத் தெரியாது இல்லையா, அதுபோல. முதலில் எல்லாம் சிலையைப் பார்த்தால் அவளுக்குப் புருஷன் ஞாபகம் வரும். பிறகு பிறகு, புருஷனை நினைத்தால் சிலை வந்தது.

நடுவில் ஒன்று நடந்தது. மலையைச் சுற்றித் திரிகிற சாமியார்களில் ஒருவன், தாடியும் சடையுமாக வீட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா, நான் தசரதன் வந்திருக்கேன்" என்றான். பாதிக் கண் தெரியாத ஜோதியம்மாள் அவன் தலையைத் தடவித் தடவி அழுதாள். காசி ஓடிவந்து "அண்ணா!" என்று கட்டிக்கொண்டான். கோழி அடித்தார்கள். சந்திரம்மாள் மட்டும் எட்டியே நின்றாள். கொஞ்ச நாள் இருந்து நன்றாகத் தின்றுவிட்டு ஒருநாள் விடியலில் அவன் பித்தளை அண்டாவோடு போய்விட்டான். அண்டா போனது போகட்டும். ஜோதியம்மாள் அன்றைக்குப் படுத்தவள், அடுத்த மாதம் எழுந்திருக்காமலே செத்துப்போனாள். ஊருக்கு அது பல வருஷத்துக்குச் சிரிப்பு. "காசி, உங்கண்ணன் டீக்கடயில உக்காந்துக்கினு கீறாரு, போய்க் கட்டிக்க" என்பார்கள்.

வள்ளி பெரியவளானாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளைக்கு பஸ் டெப்போவில் வேலை. நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தாய் தங்கம்மாள், வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ பொட்டு வச்சிக்கினு கீற. அந்த மனுஷன் இருக்காரா, இல்லியா?"

"இருக்காருங்க."

"எங்க?"

"எங்கியோ இருக்காரு. எனக்கு ஒரு சேதியும் வரல, அதனால இருக்காரு."

"சரி, இருக்கட்டும். நீ பொட்டோட வந்து மணையில நின்னா எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு. அண்டா தூக்கினு போனவன் கதய நானும் கேட்டேன். இப்ப நாலு பேரு கூடற எடத்துல இன்னொருத்தன் வந்து நான்தான் அப்பன்னு நின்னான்னு வையி, எங்க ஜனம் சிரிச்சிடும். தை முகூர்த்தம் முடியற வரைக்கும் ஒரு வம்பும் வரக் கூடாது. வந்தா இந்தப் பேச்சு இல்ல."

"ஒரு வம்பும் வராதுங்க" என்றாள் சந்திரம்மாள்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் முடிந்து, வெளியூர்க் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒருநாள். முற்றத்தில் சந்திரம்மாள் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வேலிப் படலுக்கு வெளியே ஓர் ஆள் வந்து நின்றான். காவி இல்லை, தாடி இல்லை. எலும்பும் தோலுமாக, பல் போய்க் கன்னம் ஒட்டியிருந்தது. வலது தோள் இறங்கியிருந்தது.

"தண்ணி குடும்மா" என்றான் வள்ளியிடம்.

வள்ளி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். இடது கையால் வாங்கினான். பாதி மேலே சிந்தியது. குடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வள்ளியா?"

சந்திரம்மாள் மல்லாட்டையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். "யாருயா நீ?"

"சந்திரா, நான்தான்."

"நான்தான்னா?"

"தசரதன். அம்மா எங்க?"

"செத்துட்டாங்க."

அவன் படலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான். அவள் படல்வரை வந்துவிட்டாள். ஆனால் அண்டாக்காரனும் இப்படித்தான் உட்கார்ந்து அழுதான்.

காசி வந்தான். தள்ளி நின்று பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணி, எனக்கு என்னமோ அண்ணன் மாதிரிதான் தெரியுது."

"உனக்குப் போன தடவையும் தெரிஞ்சிது."

காசி இரண்டடி பின்னால் போனான்.

"இத்தினி வருஷம் எங்கயா இருந்த?" என்றாள் அவள்.

"மண்ணு சரிஞ்சி தோளு போச்சு. ஆசுபத்திரில ரொம்ப நாளு. அப்புறம் ஒத்தக் கையோட வந்து இன்னா செய்யறதுனு... ஓட்டல்ல தட்டு கழுவிக்கினு கெடந்தேன். வர்றதுக்கு மூஞ்சி இல்ல."

"இப்ப மட்டும் மூஞ்சி வந்துச்சா?"

"இப்ப ஒடம்புக்கு முடியல சந்திரா."

"இத யாரு வேணும்னாலும் சொல்லலாம். டீக்கடயில ஒரு நாழி உக்காந்தா எங்க வூட்டுக் கத பூராவும் சொல்லுவாங்க. வா, எங்கூட வா."

அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அவன் பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினான். அவள் திரும்பிப் பார்க்காமலே காத்திருந்து காத்திருந்து நடந்தாள். கல்லூரி வாசலில் ஏர்க்காரன் முன்னால் அவனை நிறுத்தினாள்.

"நில்லு. கைய நெத்தியில வையி."

வலது கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. இடது கையால் அதைத் தூக்கிப் பார்த்தான். முகம் கோணிற்று. கேட்டருகே நின்ற மாணவர்கள் கூடிவிட்டார்கள்.

"டேய், ஏர்க்காரனுக்குத் தாத்தா வந்துக்கீறார்டா!"

"பெருசு, அந்தக் கலப்ப உன்னுதா? மாட்ட எங்க கட்டின?"

சந்திரம்மாள் மேலே பார்த்தாள். கோதுமை நிறம், திரண்ட கன்னம், மீசை, அகன்ற இரண்டு கண்கள். கீழே பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு கண்ணும் இவ்ளோ அகலம். உனக்கு ஒரு கண்ணு சுருங்கிக் கெடக்குது. இன்னா நோவோ. போயா, நல்லா இருப்ப. எம் பொண்ணுக்குத் தையில கல்யாணம். கெடுத்துடாத."

அவன் சிலையை அப்போதுதான் சரியாக அண்ணாந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்கே அது யார் என்று தெரியவில்லை போலிருந்தது.

"தையிலயா கல்யாணம்?" என்றான்.

"ஆமா."

"மாப்பிள்ள நல்லவனா?"

அவள் டவுன் ரோட்டைக் கை காட்டினாள்.

"இவன் நல்லாத்தான் கீறான்" என்று சிலையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "சோறு கேக்க மாட்டான், சண்ட போட மாட்டான்."

சொல்லிவிட்டு டவுன் பக்கமாக நடந்தான். அந்த வார்த்தை எங்கேயோ கேட்டது என்று சந்திரம்மாளுக்குத் தோன்றியது. கேட்டைத் தாண்டி வந்த பஸ் ஹாரன் அடித்ததில் அது அப்படியே போய்விட்டது.

மார்கழி பிறந்தது. அந்த வருஷப் பனி மாதிரி அதற்கு முன்பு நான் கண்டதில்லை. பொங்கலுக்கு யாரோ மந்திரி வருகிறார் என்று கல்லூரியில் தடபுடல். ஆதிமூலம் ஏணியோடு வந்து சிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதும்மேல இனிமே பெயிண்ட் நிக்காதுங்க. பட்ட பட்டயா உரியுது. மொத்தமா சொரண்டிட்டுத்தான் அடிக்கணும்" என்றான். சரி என்றார்கள்.

காலையிலிருந்து உளியும் கம்பி பிரஷ்ஷுமாகச் சுரண்டினான். கீழே சிப்பி சிப்பியாக விழுந்தது. ஒவ்வொரு சிப்பியும் வெங்காயம்போல அடுக்கு அடுக்காக, வருஷத்துக்கொரு நிறமாக இருந்தது. மக்கு மீசை ஒரே துண்டாக வந்து விழுந்து உடைந்தது. சந்திரம்மாள் குனிந்தபடி கூட்டிக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். அம்மணமாக நிற்கிற ஆளைப் பார்ப்பது போல இருந்ததால் தலை நிமிரவில்லை.

மத்தியானம் வள்ளி கூழ் கொண்டுவந்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா."

"இன்னாடி?"

"அன்னிக்குத் தண்ணி கேட்டு வந்தாரே. அந்த ஆளு மாதிரியே கீதும்மா."

சந்திரம்மாள் நிமிர்ந்தாள். ஒட்டிய கன்னம். மீசையில்லாத மேலுதடு. கைக்குக் கீழே, நிழலில், ஒரு கண் மற்றதைவிடச் சிறியதாக, சொல்வதை நம்பலாமா என்று கேட்பதுபோல அவளைப் பார்த்தது.

முறம் கையிலிருந்து விழுந்தது. விளக்கெண்ணெய் வாசனை வந்தது என்று பிறகு சொன்னாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வாசனை.

"நான் சொரண்டினது எதும் தப்பாம்மா?" என்று ஏணியிலிருந்து ஆதிமூலம் கேட்டான். அவள் அதற்குள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

கோயில் மதிலைச் சுற்றி, மண்டபம் மண்டபமாகப் பார்த்தாள். பிச்சைக்காரர்கள் வரிசை வரிசையாகப் பார்த்தாள். பூ விற்கிற ராணியம்மாள்தான் கேட்டாள், "யாரத் தேடற?"

"வலது கை தூக்க முடியாத ஆளு. ஒரு கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கும்."

"அந்தாளா? இந்தத் தூணாண்டதான் கெடந்தான். யார்கிட்டயும் கை நீட்ட மாட்டான். குடுத்தா வாங்கிக்குவான். பனி தாங்கலம்மா அவனுக்கு. போன வாரம் காலையில பாத்தா வெறச்சிப் போய்க் கெடக்கறான். கேக்கறதுக்கு ஆளு இல்ல. வண்டி வந்து எடுத்துக்கினு போயிட்டாங்க." பூக்காரி கட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "உனக்கு இன்னா வேணும்மா அவன்?"

சந்திரம்மாள் வாயைத் திறந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. தை பிறக்கக் கொஞ்ச நாள்தான். இப்போது புருஷன் என்று சொன்னால் அவளுக்கு அந்த மணை இல்லை, வள்ளிக்கு அந்த இடம் இல்லை.

"தெரிஞ்சவரு" என்றாள்.

வீட்டுக்கு வந்து வள்ளியிடம் அந்த ஆள் அவள் அப்பா இல்லை, வேறு யாரோ என்றாள். வள்ளி நம்பினாளா என்பது எனக்குத் தெரியாது. அவளும் மேலே கேட்கவில்லை.

மறுநாள் ஆதிமூலம் பெயிண்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது சந்திரம்மாள் ஏணியடியில் போய் நின்றாள்.

"அண்ணே, அந்தக் கண்ண மட்டும் அப்டியே உட்டுடேன்."

"எனக்கு இன்னாம்மா வந்துச்சு, உட்டுடறேன்" என்றான். விட்டும்விட்டான். சாயங்காலம் பிரின்சிபால் வந்து பார்த்தார். "என்னய்யா, மந்திரி வர்ற நேரத்துல ஒரு கண்ணு இப்படி?" என்றார். ஆதிமூலம் அவள் பக்கம் பார்க்காமல் மறுபடி ஏணி ஏறினான்.

தையில் கல்யாணம் நடந்தது. சந்திரம்மாள் மஞ்சள் பூசிக் குளித்து, தலை நிறையப் பூ வைத்து, காசிக்கும் அவன் மனைவிக்கும் பக்கத்தில் மணையில் நின்று பெண்ணைக் கொடுத்தாள். ஆரத்தி எடுத்தாள். பந்தியில் நின்று பரிமாறினாள். "சந்திராவுக்கு எவ்ளோ பூரிப்பு பாரேன்" என்று சொன்னவர்கள் உண்டு. தங்கம்மாள் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னபடி செஞ்சிட்டம்மா. ஒரு வம்பும் வரல" என்றாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வந்து போன பிறகு, மாசியில், காசியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் அன்று குடிக்காமலே அழுதான். "நான் சொன்னேனே அண்ணி, நான் சொன்னேனே" என்றான். "நீ சொன்ன" என்றாள் அவள்.

ஊரைக் கூட்டாமல் ஏரிக்கரைக்குப் போனார்கள். எங்கள் பக்கத்துக் கருமாதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரையில் ஒரு கல்லை நட்டு, செத்தவராக அதை நினைத்துப் பால் ஊற்றி, அவருக்குப் பிடித்ததைப் படைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். விட்டால்தான் அவர் போவார். சந்திரம்மாள் தாலியைத் தானே கழற்றிப் பாலில் போட்டாள். மல்லாட்டை போட்ட களியும் கருவாட்டுக் குழம்பும் படைத்தாள். மடியிலிருந்து கல்லை எடுத்து ஈர மண்ணில் நட்டாள். பக்கத்திலேயே இன்னொரு கல்லையும் எடுத்து நட்டாள்.

காசி மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "எதுக்கு அண்ணி ரெண்டு?"

"ஒண்ணு வந்தவருக்கு" என்றாள். இரண்டாவது கல்லின் மேல் பாலை ஊற்றினாள். "ஒண்ணு நின்னவருக்கு."

காசி இரண்டையும் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போய் விட்டான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். இருவரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு நேர்வழி கல்லூரி வாசல் வழியாகத்தான். அவள் வரப்பில் இறங்கி, முள் குத்தக் குத்தச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.